தொட்ட காய்

வீட்டுத் திண்ணையில் சதுரங்கம் ஆடும்போது, "ஐயோ, பார்க்கவில்லையடி!" என்று வைத்த காயைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். போட்டியில் இது செல்லாது. ஆட வேண்டியவர் தம் காயை ஆடும் எண்ணத்தோடு தொட்டுவிட்டால் அதையே நகர்த்த வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட வழியிருந்தால் வெட்டியே தீர வேண்டும். கோணலாக நிற்கும் காயை நேராக்கவும் "சரிசெய்கிறேன்" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கை வைக்கலாம். நம் ஊர்த் தறியில் ஊடை தவறினால் பிரித்துவிட்டு மறுபடியும் ஓட்டலாம். இங்கே அதற்கு இடமில்லை.

சிறு மன்றங்களில் ஆடுவோர்க்கும் இதே விதிதான். 2022இல் நமக்கு அருகிலுள்ள மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் கொனேரு ஹம்பி, வைஷாலி முதலியோர் அடங்கிய பெண்கள் அணி வெண்கலம் வென்றதும் இந்த விதிக்கு உட்பட்டே.

மன்ற ஆட்டக்காரர்கள் பலர் தோற்பது அறிவுக் குறைவால் அன்று, கை முந்துவதால்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. கைகளின்மேல் உட்கார்ந்துகொள்ளும்படி அந்நாளைய ஆசிரியர்கள் சொல்வதுண்டாம்! சிரிப்பாக இருந்தாலும் நல்ல யோசனையே. பக்கத்தில் கடிகாரம் வேறு ஓடுகிறது. ஆடி முடித்ததும் நம் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் எதிராளியின் நேரம் ஓடத் தொடங்கும். ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுதவும் வேண்டும்.

இத்தனையும் பழகிய பெரியவர்களும் சறுக்குகிறார்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டப் போட்டியின் 14ஆவது, கடைசி ஆட்டம். இருவரும் 6½ புள்ளிகளுடன் சமம். சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். எனினும் ஆட்டம் டிராவில்தான் முடியும் என்று பலரும் எண்ணினர். வெள்ளைக் காய்களுடன் ஆடிய சீனாவின் டிங் லிரன், 55ஆவது நகர்த்தலில் தம் கோட்டையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். பார்வைக்குச் சாதாரண நகர்த்தல். ஆனால் குகேஷ் கோட்டைக்குக் கோட்டை வெட்டிக்கொண்டு, அடுத்துத் தம் மந்திரியை டிங்கின் மந்திரிக்கு எதிரே கொண்டுவந்தார். மூலையில் நின்ற வெள்ளை மந்திரிக்கு ஒதுங்க இடமில்லை. மந்திரிகளும் போயின. ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சினால், கூடுதலான அந்த ஒரு சிப்பாய் கடைசிக் கட்டம்வரை நடந்து ராணியாகிவிடும். 58 நகர்த்தல்களில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். குகேஷ் உலக வீரரானார்.

போட்டி முடிந்ததும் ஆட்டக்காரர் இருவரும் எழுதிய தாளைப் பார்த்து, "இங்கே குதிரையை வைத்திருந்தால்?" என்று பேசிக்கொண்டே மறுபடியும் ஆடிப்பார்ப்பது வழக்கம். அப்போது எந்தக் காயையும் எத்தனை முறை வேண்டுமானாலும் தொடலாம், திருப்பி வைக்கலாம்.