டிரில் மெஷின் காயில் போச்சுன்னா குத்தம் யார் மேல?

ஃபேர்லேண்ட்ஸ்ல இன்டீரியர் வேலை பார்க்கிற ஒரு கார்பென்டர் அண்ணன் கேட்ட கேள்விதான் இந்த எபிசோட். அந்த வீட்டுக்கு இன்னும் கரன்ட் கனெக்ஷன் வரலை. 2012 பவர் கட் காலத்து பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டுறார். ஒரே மாசத்தில் ரெண்டு பேட்டரி சார்ஜர், ஒரு ஸ்பீட் கன்ட்ரோல் டிரில் அவுட். பழைய கிரைண்டர் மட்டும் கல்லு மாதிரி ஓடுது. "மெஷின் மட்டமா, ஜெனரேட்டர் மட்டமா தம்பி?"

எது போச்சு, எது தப்பிச்சதுன்னு பாருங்க. கிரைண்டரில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். ஏசி, டிசி ரெண்டிலும் ஓடும். வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலும் தாங்கும். சார்ஜருக்குள் இருக்கிற கெப்பாசிட்டர் அப்படி இல்லை, அதை அடிப்பது வோல்டேஜின் உச்சம். 230 வோல்ட்டில் உச்சம் சுமார் 325. அதுவே 270 ஆனா, 380ஐத் தாண்டிடும்.

அதனால் முதலில் லோடு இல்லாமல் அளக்கச் சொன்னேன். இந்த மாதிரி சின்ன ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடினால் 50 ஹெர்ட்ஸ் கொடுக்கும். சும்மா ஓடும்போது 52 வரை சகஜம். அண்ணனோடது 56 ஹெர்ட்ஸ், 262 வோல்ட்! யாரோ கவர்னர் ஸ்க்ரூவைத் திருகி விட்டிருக்காங்க. போதாக்குறைக்கு, மரம் அறுக்கிற மெஷினை ஆஃப் பண்ணும் ஒவ்வொரு தடவையும், கவர்னர் சுதாரிப்பதற்குள் என்ஜின் வேகம் ஏறும், வோல்டேஜும் கூடவே ஏறும். பக்கத்தில் சார்ஜர் சொருகியிருந்தால் அடி அதுக்குத்தான். வாடகைக்காரர் "எல்லாருக்கும் நல்லாத்தானே ஓடுது"ன்னாராம். மீட்டரைக் காட்டின பிறகுதான் மெக்கானிக்கை அனுப்பினார்.

அடுத்து, லோடு ஏத்தி, டூல் சொருகுற இடத்திலேயே அளக்கணும். (எங்க ஐடி பாஷையில் லோட் டெஸ்ட்.) 1 சதுர மி.மீ. காப்பர் வயரை 50 மீட்டர் இழுத்தால், போக வர 100 மீட்டர், சுமார் 1.8 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் 18 வோல்ட் வழியிலேயே காலி. வோல்டேஜ் குறைஞ்சா மோட்டார் திணறும், சூடாகும், காயில் கருகும். அப்போ ஜெனரேட்டரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, தடிமனான வயர் வாங்கணும்.

கரன்ட் ஓடும்போது அளந்து பழக்கம் இல்லைன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. பேட்டரியை வீட்டிலேயே சார்ஜ் போட்டு எடுத்துட்டுப் போங்க, இல்லைன்னா இன்வெர்ட்டர் டைப் ஜெனரேட்டர் கேளுங்க. மழை வந்தாலும் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ள வைக்காதீங்க. அதன் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.