கரும்பு வெட்டியவர்களும் கணினி தட்டுபவர்களும்

1916 அக்டோபர். முதல் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். மால்டா தீவிலிருந்து 214 ஆண்களை ஏற்றிக்கொண்டு ‘கான்ஜ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் ஆஸ்திரேலியாவை நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டாய ராணுவ சேவை வேண்டுமா வேண்டாமா என்று அதே மாதம் 28ஆம் தேதி ஆஸ்திரேலிய மக்களிடம் வாக்கெடுப்பு நடக்கவிருந்தது. உள்ளூர் ஆட்களைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு, அவர்களுடைய வேலைகளில் குறைந்த கூலிக்கு வெளியாட்களை அமர்த்தப் பார்க்கிறார் பிரதமர் பில்லி ஹியூஸ் என்று தொழிற்சங்கங்கள் கொதித்தன. மால்டாக்காரர்களோ பிரிட்டிஷ் பிரஜைகள். வெள்ளையர் இல்லை என்று சொல்லித் தடுக்கவும் முடியாது. ஆகவே டச்சு மொழியில் ‘டிக்டேஷன்’ எழுதச் சொன்னார்கள். அத்தனை பேரும் ‘ஃபெயில்’. அவர்களை நியூ கலிடோனியாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். மறு ஆண்டு மார்ச்சில்தான் அவர்கள் சிட்னியில் விடுதலையாகிக் கரையில் கால் வைக்க முடிந்தது.

அந்தப் பரீட்சை மால்டியர்களுக்காகக் கொண்டுவரப்பட்டதல்ல. 1901ஆம் ஆண்டுக் குடியேற்றத் தடைச் சட்டத்தின் ஆயுதம் அது. சீனர்களையும் இந்தியர்களையும் பிற ஆசியர்களையும் தோல் நிறத்தைச் சொல்லாமலே வாசலில் நிறுத்துவதற்காக உருவானது. ஐம்பது சொற்களை ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் அதிகாரி வாசிப்பார், எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். 1958 வரை இந்தக் கொடுமை சட்டத்தில் இருந்தது. ஒரு காலத்தில் ஒரே வாசலில், ஒரே பரீட்சையால் தடுக்கப்பட்ட இரண்டு இனங்கள் மால்டியர்களும் இந்தியர்களும்.

இன்று இரண்டு சமூகங்களின் புள்ளிவிவரங்களை அருகருகே வைத்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு உலகங்கள் தெரியும். 2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வாழும் இந்தியாவில் பிறந்தவர்கள் 6,73,352 பேர். சீனாவையும் நியூசிலாந்தையும் முந்தி, இங்கிலாந்துக்கு அடுத்த இடம். மால்டாவில் பிறந்தவர்கள் சுமார் 35,000 பேர்தான். ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்தியர்களில் பாதிப் பேர் முப்பத்தைந்து வயதை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள். மால்டாவில் பிறந்தவர்களில் பெரும்பாலானோர் எழுபதை நெருங்கியோ தாண்டியோ விட்டார்கள். 2016 கணக்கெடுப்பில் இந்தியாவில் பிறந்தவர்களில் பாதிக்கு மேல் பட்டதாரிகள். அவர்களுடைய இடைநிலை வார வருமானம் 785 டாலர்; ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தவர்களுக்கு 688 டாலர்தான். மால்டியர்களின் வருமானம் இரண்டுக்கும் வெகு கீழே. பட்டப்படிப்பும் அவர்களிடம் அரிது.

இப்படி ஒரு பட்டியல் கையில் கிடைத்தால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருப்பதில்லை. “பார்த்தீர்களா, நம்மவர்கள் எங்கே போனாலும் ஜெயிப்பார்கள்” என்று உடனே வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார்கள். இந்தப் பெருமிதம் எனக்கு வேதனை தருகிறது. ஐம்பதாண்டுகள் ஆலையில் உழைத்து ஓய்வூதியத்தில் வாழும் ஒரு மூதாட்டியின் வருமானத்தை, நேற்று வந்த முப்பது வயது மென்பொருள் பொறியாளரின் சம்பளத்தோடு நிறுத்துப் பார்ப்பதில் என்ன நியாயம்? எந்த வாசல் வழியாக, எந்தக் காலத்தில், எதைக் காட்டி உள்ளே வந்தார்கள் என்று கேட்காமல் இரண்டு சமூகங்களை ஒப்பிடவே கூடாது.

முதலில் மால்டியர்கள். இரண்டாம் உலகப் போரில் அந்தச் சின்னஞ்சிறு தீவின் மீது விழுந்த குண்டுகளுக்குக் கணக்கில்லை. 1942இல் தீவு முழுமைக்கும் ‘ஜார்ஜ் கிராஸ்’ பதக்கம் கொடுத்தார் பிரிட்டிஷ் மன்னர். பதக்கம் சோறு போடவில்லை. போர் முடிந்து கடற்படைத் தளத்தில் வேலைகள் சுருங்கச் சுருங்க, மூன்று லட்சம் பேர் வாழ்ந்த தீவில் பிழைப்பில்லாமல் போனது. 1948இல் ஆஸ்திரேலியாவும் மால்டாவும் உதவிப் பயண ஒப்பந்தம் செய்துகொண்டன. கப்பல் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசுகள் ஏற்கும்; வருபவர் குறைந்தது இரண்டாண்டு தங்க வேண்டும். 1946 முதல் 1970களின் இறுதி வரை 1,40,000 பேருக்கு மேல் தீவை விட்டுக் கிளம்பினார்கள். பாதிக்கு மேல் ஆஸ்திரேலியாவுக்கு.

அவர்களிடம் ஆஸ்திரேலியா கேட்டது உடம்பை. குவீன்ஸ்லாந்தின் மக்காய் பகுதியில் கரும்பு வெட்ட ஆள் வேண்டும்; மெல்பர்னின் மேற்கே சன்ஷைன், செயின்ட் ஆல்பன்ஸ் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டும்; சிட்னியின் மேற்கே காய்கறித் தோட்டத்துக்கும் கோழிப்பண்ணைக்கும் ஆள் வேண்டும். மால்டாவில் கட்டாயக் கல்விச் சட்டமே 1946இல்தான் வந்தது. அப்படியிருக்க, பட்டம் எங்கிருந்து வரும்? வந்த முதல் தலைமுறை ‘ஓவர்டைம்’ செய்தது, நிலம் வாங்கியது, சனி ஞாயிறுகளில் உறவினர்கள் ஒன்றுகூடித் தாங்களே கலவை குழைத்து வீடு கட்டியது. கடனில்லாத சொந்த வீடு வைத்திருப்பதில் அந்தத் தலைமுறை மால்டியர்களை மிஞ்ச ஆளில்லை. வருமானப் பட்டியலில் அவர்கள் கீழே தெரிவார்கள். ஆனால் அதே பட்டியலில் வீட்டுக் கடன் என்ற பத்தியையும் சேர்த்துப் படியுங்கள். மெல்பர்ன் புறநகர்களான டார்னீட்டிலும் பாயின்ட் குக்கிலும் மாதத் தவணைக்குள் சிக்கியிருக்கும் இந்தியக் குடும்பங்களைவிட இந்த முதியவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்பது புரியும்.

அந்தக் கதையில் ஒரு இருண்ட அறையும் உண்டு. 1950 முதல் 1965 வரை மால்டாவிலிருந்து சுமார் 310 குழந்தைகள் பெற்றோர் துணையின்றி மேற்கு ஆஸ்திரேலியாவின் கத்தோலிக்க விடுதிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். நல்ல படிப்பு என்று வாக்குக் கொடுக்கப்பட்டது. பலருக்குக் கிடைத்தது கட்டட வேலையும் அடியும். 2009 நவம்பரில் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் இத்தகைய குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டபோது அவர்களில் பலருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது.

இந்தியர்களின் வாசல் முற்றிலும் வேறு. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை 1966இல் தளர்ந்து, 1973இல் விட்லம் ஆட்சியில் ஒழிந்தது. 1979இல் மதிப்பெண் முறை புகுந்தது. இன்று சென்னையிலோ கோவையிலோ ‘பி.ஆர்.’ எனும் நிரந்தர வசிப்புரிமைக் கனவோடு இருக்கும் எவரைக் கேட்டாலும் அந்தக் கணக்கை விரல் நுனியில் வைத்திருப்பார். வயது 25 முதல் 32க்குள் இருந்தால் 30 பாயின்ட். ஆங்கிலத் தேர்வில் உச்ச நிலை என்றால் 20. அதற்காக ‘பிடிஇ’ என்ற ஆங்கிலத் தேர்வை மூன்று தடவை நான்கு தடவை எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இளநிலைப் பட்டத்துக்கு 15, முனைவர் பட்டத்துக்கு 20. வேலை அனுபவத்துக்குத் தனி. 65 இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். அழைப்பு வருவதற்கு அதைவிட எவ்வளவோ அதிகம் வேண்டும். மனைவியின் ஆங்கிலத்துக்கும் தொழில்திறனுக்கும்கூடப் பாயின்ட் உண்டு என்பதால், ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் ஒரே மேசையில் உட்கார்ந்து ‘மாக் டெஸ்ட்’ எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன்.

1954இல் மால்டாவின் துறைமுகத்தில் கப்பல் ஏறிய ஒரு தொழிலாளியை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். வயதுக்கு 30 கிடைக்கும். மற்றது எல்லாம் சைபர். அதே ஆண்டில் சென்னையில் எம்.ஏ. முடித்திருந்த ஒரு தமிழருக்கோ அந்தக் கப்பலில் இடம் இருந்திருக்காது. அன்று மால்டியரைப் படிப்பில்லாமல் எடுத்தார்கள். பின்னாளில் இந்தியரைப் படிப்புக்காக மட்டுமே எடுத்தார்கள். பிறகு இருவரையும் நிற்க வைத்து, யார் அதிகம் படித்திருக்கிறார் என்று கேட்கிறோம். 140 கோடி மக்களிலிருந்து சல்லடை போட்டுச் சலித்து எடுத்தவர்களைக் காட்டி இந்திய மூளை என்று பேசுவது, இங்கே பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காமல் செங்கல் சூளையில் நிற்கும் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

வாசல்தான் வித்தியாசம் என்பதற்கு ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே ஒரு சான்று இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸின் வடகரையில் வூல்கூல்கா என்ற ஊர். கரும்புத் தோட்டங்களிலும் வாழைத் தோட்டங்களிலும் கூலி வேலை செய்த பஞ்சாபி சீக்கியர்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து அங்கே வேரூன்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நிலம் வாங்கினார்கள். வாழை விவசாயிகளானார்கள்; வாழை கட்டுப்படியாகாமல் போனதும் ‘புளூபெர்ரி’க்கு மாறினார்கள். 1968இல் அங்கே எழுந்த குருத்வாராதான் ஆஸ்திரேலியாவின் முதல் குருத்வாரா. உழைப்பாளியாக வந்த இந்தியர் நடந்த பாதையும், உழைப்பாளியாக வந்த மால்டியர் நடந்த பாதையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன! கூலி, நிலம், வீடு, வழிபாட்டிடம்.

ஆனால் எல்லாப் பழியையும் வாசல் மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. கிரேக்கர்களும் ஏறக்குறைய அதே காலத்தில், அதே மாதிரி ஆலைகளுக்குப் படிப்பில்லாமல்தான் வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பல்கலைக்கழகங்களுக்குள் வேகமாக நுழைந்தபோது மால்டியப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். 1990களில் ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். மருத்துவர் மோரிஸ் கௌச்சி போன்றவர்கள் மால்டிய சமூகத்துக்குள்ளிருந்தே இதைக் கவலையோடு எழுதினார்கள். ஏன் இப்படி? எனக்குத் தோன்றுவது இது: மால்டாவில் ஒரு ஏழைப் பையனுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய யோகம் கடற்படைத் தளத்தில் ‘அப்ரென்டிஸ்’ இடம். கைத்தொழிலே கௌரவம் என்ற அந்த நம்பிக்கை கப்பலில் கூடவே வந்தது. பதினைந்து வயதில் பையன் சம்பாதிக்கத் தொடங்கினால் வீட்டுக் கடன் சீக்கிரம் அடையும் என்ற கணக்கும் சேர்ந்துகொண்டது. பிளம்பராகவும் எலக்ட்ரீஷியனாகவும் லாரி முதலாளியாகவும் ஆன அந்தப் பிள்ளைகள் பலர் ஒரு பட்டதாரி குமாஸ்தாவைவிட நன்றாகவே சம்பாதித்தார்கள். ஆலையை மட்டும் நம்பியவர்களுக்குத்தான் அடி விழுந்தது. இறக்குமதி வரிகள் குறைந்து தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. 2017 அக்டோபரில் மெல்பர்னின் மேற்கே ஆல்டோனாவில் டொயோட்டா கார் ஆலையும் நின்றது.

இந்த இரண்டு வரலாறுகளும் ஒரே மண்ணில் மோதிக்கொள்ளும் இடம் மேற்கு சிட்னி. பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், கிரேஸ்டேன்ஸ்: ஒரு தலைமுறைக்கு முன்னால் மால்டியர்களின் காய்கறித் தோட்டங்கள் இருந்த வட்டாரம். தோட்டங்கள் மனைகளாயின; மனைகள் வீடுகளாயின. இன்று பெண்டில் ஹில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் காதில் விழுவது தமிழ். கொத்து ரொட்டி போடும் சத்தம், முருங்கைக்காய்க் கட்டு, வெள்ளிக்கிழமை மல்லிகைச் சரம். அந்தக் கடைகளில் பல ஈழத் தமிழர்களுடையவை. கணக்கெடுப்பில் அவர்கள் இந்தியர் பத்தியிலேயே வரமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1983 இலங்கை இனக்கலவரத்துக்குப் பிறகு அவர்கள் நுழைந்த வாசல் வேறு. அது தனியே எழுத வேண்டிய கதை. கொஞ்ச தூரத்தில் மேஸ் ஹில்லில் முருகன் கோயில். பக்கத்து ஊரான கிரவீனில், நுழைவுத் தேர்வு எழுதி இடம் பிடிக்க வேண்டிய அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்று இருக்கிறது. அதற்காகவே நம் குழந்தைகள் நான்காம் வகுப்பிலிருந்து டியூஷனுக்கு ஓடுகிறார்கள். பெற்றோர் பாயின்ட் சேர்த்துக் கடலைத் தாண்டினார்கள்; பிள்ளைகளும் பாயின்ட் சேர்க்கிறார்கள். ஒரு மால்டியத் தாத்தா பேரனை எலக்ட்ரீஷியனாகப் பார்த்துப் பூரிக்கும் ஊரில், நம் வீட்டுப் பிள்ளை மருத்துவப் படிப்பு கிடைக்காமல் அறைக்குள் அடைந்து கிடக்கிறது. சமூக வெற்றியை அளக்கும் எந்தப் பட்டியலிலும் இதற்கென்று ஒரு பத்தி இல்லை.

பாயின்ட் முறையில் வந்தவர்களுக்கும் பாதை பூவிரிப்பல்ல. இங்கே பொறியாளர், அங்கே டாக்ஸி ஓட்டுநர் என்ற கதைகள் ஏராளம். 2000களில் சமையல், முடிதிருத்தல் வகுப்புகளில் சேர்ந்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு வழி கிடைக்கும் என்று இந்திய மாணவர்கள் ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டினார்கள்; விதிகள் மாறியபோது நடுவழியில் நின்றார்கள். 2009இல் மெல்பர்னில் அவர்கள் மீது நடந்த தாக்குதல்களை இங்கே எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2021 மே மாதத்தில், கொரோனா உச்சத்தில், இந்தியாவில் இருந்துவிட்டு நாடு திரும்பினால் ஆஸ்திரேலியக் குடிமக்களாகவே இருந்தாலும் ஐந்தாண்டு வரை சிறை என்ற அரசின் தடை அமலுக்கு வந்தது. இரண்டு வாரத்தில் அந்தத் தடை போய்விட்டது. ஆனால் பாஸ்போர்ட் கையில் இருந்தும் வீடு திரும்ப முடியாமல் போனவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

இப்போது மால்டா. ஆட்களை ஏற்றுமதி செய்த அந்தத் தீவு இன்று இறக்குமதி செய்கிறது. சிந்தி வணிகர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கே கடை விரித்தார்கள். ஆனால் இப்போது வருபவர்கள் வேறு மாதிரி. 2021 கணக்கெடுப்பில் மால்டாவில் வாழ்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். அவர்களில் இத்தாலியர்களுக்கும் பிரிட்டிஷாருக்கும் அடுத்தபடி இந்தியர்கள். மலையாளி நர்ஸ்கள் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பெட்டியோடு தெருத் தெருவாகச் சுற்றுபவர்களில் நம் நாட்டு இளைஞர்கள் ஏராளம். ஏஜென்ட்டுக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கொடுத்து வந்தவர்கள் அவர்களில் உண்டு. வாசலில் அவர்களிடம் கேட்கப்படுவது, 1950களில் மால்டியரிடம் கேட்கப்பட்ட அதே உடம்பு.

ஒன்றே ஒன்று வேறு. மால்டியர் சிட்னியில் இறங்கியபோது அவர் தங்குவதற்காக வந்தவர். மனைவியை அழைத்துக்கொள்ளலாம், நிலம் வாங்கலாம், வாக்களிக்கலாம். அவருக்கு ஜான் அக்விலினா போன்றவர்கள் வாரிசாக வந்தார்கள். மால்டாவில் பிறந்து, பிளாக்டவுன் பகுதி மக்களின் பிரதிநிதியாகி, நியூ சவுத் வேல்ஸின் கல்வி அமைச்சராகவும் பின்னர் சபாநாயகராகவும் உயர்ந்தவர் அவர். இன்று மால்டாவின் தலைநகர் வலெட்டாவில் சாப்பாடு கொண்டுபோகும் இந்திய இளைஞருக்குக் கிடைப்பது ஒரு குறிப்பிட்ட முதலாளியோடு கட்டிப்போட்ட அனுமதி அட்டை. வேலை மாறினால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். புதுப்பிப்பு தாமதமானால் கதி கலங்கும். குடும்பத்தைக் கூட்டிவருவது எளிதல்ல. அந்த அட்டையை மால்டா அரசு மாற்றாதவரை, அந்தத் தீவில் இந்த இந்தியர்களின் இரண்டாம் தலைமுறை என்று ஒன்று உருவாகவே போவதில்லை. 2070இல் யாராவது இந்த ஒப்பீட்டைத் திரும்பச் செய்ய உட்கார்ந்தால், ஒரு பக்கத்தில் எண்ணுவதற்கு ஆட்கள் இருக்க மாட்டார்கள்.