ஐந்து ரூபாய்ச் சீட்டும் எட்டு லட்சமும்

கோடம்பாக்கத்துக்கு வரும் வெளியூர்க்காரருக்கு வழி சொல்வது சுலபம். விமானத்தில் வந்தால் ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டினாலே திரிசூலம் ஸ்டேஷன். அங்கே பீச் போகும் லோக்கலில் ஏறினால் மாம்பலத்துக்கு அடுத்தது கோடம்பாக்கம். கிளாம்பாக்கத்தில் இறங்கியவர் மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து அதே ரயிலைப் பிடிக்கலாம். வடபழனி முருகனைப் பார்க்கப் போகிறவருக்கு ஆலந்தூரில் மாறிச் செல்ல மெட்ரோ இருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்று’ செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம். வழியைச் சொல்ல ஆள் நிறைய உண்டு. வழியில் ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆளில்லை.

முதலில் அபராதம். லோக்கலில் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய்தான். ஆனால் சீட்டில்லாமல் பிடிபட்டால் ரயில்வே சட்டம் 138ஆம் பிரிவின்படி கட்டணத்தோடு 250 ரூபாய் கூடுதல் தொகையும் கட்ட வேண்டும். வெளியூர்க்காரர் பலரும் ஏமாற்ற நினைத்து மாட்டுவதில்லை, தெரியாமல் மாட்டுகிறார்கள். லோக்கலின் முதல் வகுப்புப் பெட்டி வெளியிலிருந்து பார்த்தால் மற்றப் பெட்டி மாதிரியேதான் இருக்கும். கூட்டமில்லையே என்று ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். சாதாரண லோக்கல் சீட்டு ஏ.சி. லோக்கலிலும் செல்லாது, மாம்பலத்திலும் தாம்பரத்திலும் நிற்கிற எக்ஸ்பிரஸிலும் செல்லாது. மகளிர் பெட்டியில் ஏறும் ஆணுக்கு 162ஆம் பிரிவு தனியாகக் காத்திருக்கிறது: 500 ரூபாய் வரை அபராதம். செல்போனில் எடுத்த டிக்கெட்டைச் செயலியில்தான் காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டைப் பரிசோதகர் ஏற்க மாட்டார்.

அபராதம் கேட்பவரிடம் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லலாம். கட்டிய பணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் “பாதி குடுங்க, போங்க” என்கிறவர் உங்களுக்குச் சலுகை காட்டவில்லை, லஞ்சம் வாங்குகிறார். இன்னொன்று பலருக்கும் தெரியாது. சீட்டில்லை என்பதற்காக, ஆண் துணையின்றி வரும் பெண்ணையோ குழந்தையையோ நினைத்த ஸ்டேஷனில் இறக்கிவிட முடியாது. அவர் ஏறிய நிலையம், ஜங்ஷன், கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர் நிலையம் இவற்றில் ஒன்றில்தான் இறக்கலாம், அதுவும் பகலில்தான். 139ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது.

இனி, அந்த ஐந்து ரூபாய்ச் சீட்டின் உண்மையான மதிப்பு. 2018 ஜூலை 24 காலையில், பீச்சிலிருந்து திருமால்பூர் போன மின்சார ரயில் வழக்கமான தடத்தை விட்டு விரைவு ரயில் தடத்தில் திருப்பிவிடப்பட்டது. படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் பரங்கிமலை நிலையத்தின் தடுப்புச் சுவரில் மோதினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். கோடம்பாக்கம் வழியாகப் போகும் அதே பாதைதான். காலை எட்டரைக்கு மாம்பலத்தில் நின்று பாருங்கள், படியில் இன்றும் ஆட்கள் இருப்பார்கள். இவர்களைப் பார்த்து வெளியூர்ப் பையனும் தொங்குவான். எந்தத் தடத்தில் எந்தச் சுவர் எவ்வளவு நெருக்கம் என்பது அவனுக்குத் தெரியாது.

ரயிலிலிருந்து விழுந்து இறந்தால் குடும்பத்துக்கு எட்டு லட்சம் ரூபாய் இழப்பீடு. காயத்துக்கு அதன் தன்மையைப் பொறுத்து. 2017 ஜனவரி முதல் இதுதான் கணக்கு. சட்டத்தின் 124ஏ பிரிவில் யார் மேல் தவறு என்ற கேள்வியே கிடையாது. கதவோரம் நின்றது கவனக்குறைவாக இருக்கலாம், ஆனால் அதைச் சொல்லி மட்டும் இழப்பீட்டை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தற்கொலை, தானே காயப்படுத்திக்கொள்வது, போதை, மனப்பிறழ்வு, குற்றச் செயல், இயற்கையான நோய் ஆகியவைதான் விலக்கு. ஆனால் நீங்கள் முறையான பயணியாக இருந்திருக்க வேண்டும். அதற்கு நேரடிச் சான்று சீட்டு. விபத்தில் சீட்டு தொலைந்துபோயிருந்தால் கோரிக்கை அதோடு முடிந்துவிடாது; பிரமாணப் பத்திரம் மூலம் விவரம் சொல்லலாம், பிறகு மறுத்து நிரூபிக்க வேண்டியது ரயில்வே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். துக்கத்தில் இருக்கிற குடும்பத்துக்கு ஓராண்டு ஓடிப்போவதே தெரியாது.

பேருந்துக்கு வருவோம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. முன்னும் பின்னும் பிங்க் பூசிய பேருந்து என்றால் குழப்பமே இல்லை. எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், ஏ.சி. பேருந்துகளில் காசு கொடுக்க வேண்டும். கட்டணமில்லை என்றாலும் நடத்துநர் கொடுக்கும் சீட்டைக் கையில் வைத்திருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் சீட்டு வாங்காத பயணிக்கும் 500 ரூபாய் வரை அபராதம், காசை வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுக்காத நடத்துநருக்கும் அதே 500 வரை.

ஆட்டோவில் சட்டம் கொஞ்சம் சிரிப்பு மூட்டுகிறது. 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. மூன்று கிலோமீட்டருக்கு நாற்பது ரூபாய்கூட வராது. அந்தக் கட்டணத்துக்கு இன்று யாரும் வண்டியை எடுப்பதில்லை. எரிபொருள் விலையைப் பார்த்தால் ஓட்டுநரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வர மறுக்கும் ஆட்டோவுக்குச் சட்டம் வைத்திருக்கும் அபராதமோ அதிகபட்சம் 50 ரூபாய். எனவே ஏறும் முன் தொகையைப் பேசிக்கொள்வதும் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வதும்தான் நடைமுறையில் உதவும்.

பணப்பை பறிபோனாலோ, கூட்டத்தில் யாராவது சீண்டினாலோ ரயிலில் 139 எண்ணை, எங்கிருந்தாலும் 112ஐ அழைக்கலாம். “அது எங்க எல்லை இல்ல” என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, கைது செய்யத்தக்க குற்றத்தை எந்த நிலையத்திலும் பதிவு செய்தாக வேண்டும். ஊர் திரும்பிய பிறகுகூட உங்கள் ஊர் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

சேவைக் குறைபாட்டுக்கும் அப்படித்தான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம்; ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை. கோவில்பட்டிக்காரர் இதற்காகச் சென்னைக்கு இன்னொரு முறை வர வேண்டியதில்லை. மெஷின் சீட்டின் எழுத்து மட்டும் கொஞ்ச நாளில் மங்கிவிடும், அன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.