ரிப்போர்ட் ‘பாசிட்டிவ்’ என்றால் சந்தோஷப்படலாமா?

‘எப்போதும் பாசிட்டிவாக யோசி’ என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். யாராவது அபசகுனமாகப் பேசினால், ‘ஏன் இப்படி நெகட்டிவாப் பேசறே?’ என்று கோபித்துக்கொள்கிறோம். ஆனால் லேபிலிருந்து வரும் ரிப்போர்ட்டில் மட்டும் கதை பெரும்பாலும் தலைகீழ். அங்கே ‘நெகட்டிவ்’ என்று இருந்தால்தான் நிம்மதியாக மூச்சு விடலாம்.

இப்படி, தினமும் நம் வாயில் புழங்கும் பல ஆங்கிலச் சொற்கள், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் வேறு பொருளுக்கு மாறிவிடுகின்றன. மற்ற இடங்களில் ஒரு சொல் தவறாகப் புரிந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆஸ்பத்திரியில் அப்படி விட முடியாது.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 1980-ல் நடந்த ஒரு சம்பவத்தை மருத்துவத் துறையில் இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள். நினைவிழந்த 18 வயது இளைஞர் ஒருவரை அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். உடன் வந்தவர்கள் பேசியது ஸ்பானிஷ். அவர்கள் ‘இன்டாக்சிகாடோ’ என்றார்கள். சாப்பிட்ட ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் பேச்சு வழக்கில் அதற்குப் பொருள். கேட்டவர்களுக்கு அது ‘இன்டாக்சிகேட்டட்’, அதாவது போதையில் இருக்கிறார் என்று பட்டது. அளவுக்கு மீறிப் போதைமருந்து எடுத்துக்கொண்டவராக நினைத்துச் சிகிச்சை தொடங்கினார்கள். உண்மையில் அவருக்கு மூளையில் ரத்தக்கசிவு. அது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. இரு கைகளும் இரு கால்களும் செயலிழந்தன. வழக்கு, சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது.

மூலகாரணம் ஒரே ஒரு சொல். அதனால் ஆஸ்பத்திரியில் அடிக்கடி காதில் விழும் சில சொற்களின் சரியான பொருளைத் தெரிந்து வைத்துக்கொள்வோமே!

பாசிட்டிவ், நெகட்டிவ்

மருத்துவத்தில் இந்தச் சொற்களுக்கு நல்லது, கெட்டது என்ற பொருளே கிடையாது. எதைத் தேடிப் பரிசோதனை செய்தார்களோ அது இருந்தால் பாசிட்டிவ், காணப்படவில்லை என்றால் நெகட்டிவ். காசநோயைத் தேடி நெகட்டிவ் வந்தால் மகிழ்ச்சி. குழந்தைக்காக ஏங்கும் தம்பதிக்குக் கர்ப்பப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால் மகிழ்ச்சி. ஆகவே ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ‘எதைத் தேடினார்கள்?’ என்று முதலில் கேளுங்கள்.

ரத்தப் பிரிவில் வரும் பாசிட்டிவ், நெகட்டிவும் இதே கணக்குதான். சிவப்பணுவின் மேல் ஆர்ஹெச் என்ற புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லையென்றால் நெகட்டிவ். நெகட்டிவ் ரத்தம் ஒரு குறையே அல்ல. ஆனால் கர்ப்பிணிக்கு நெகட்டிவாக இருந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். குழந்தை பாசிட்டிவாக இருந்தால் அடுத்த கர்ப்பத்தில் சிக்கல் வராமல் தடுக்கத் தனி ஊசி இருக்கிறது.

ஸ்டேபிள்

ஐசியு வாசலில் காத்திருப்பவர்கள் அதிகம் கேட்கும் சொல் இது. ‘ஸ்டேபிளா இருக்கார்’ என்றதும் ‘ஆபத்து நீங்கிவிட்டது’ என்று ஊருக்கெல்லாம் போன் போட்டுவிடுகிறோம். ஸ்டேபிள் என்றால் நிலைமை மாறாமல் இருக்கிறது என்றுதான் பொருள். ‘கிரிட்டிக்கல் பட் ஸ்டேபிள்’ என்றால், ஆபத்தான கட்டத்தில்தான் இருக்கிறார், இப்போதைக்கு அதற்கு மேல் மோசமாகவில்லை என்று அர்த்தம்.

அக்யூட், க்ரானிக்

இவை நோயின் கடுமையைச் சொல்கின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். இவை காலக்கணக்கு. திடீரென்று வந்தது அக்யூட். நீண்ட நாளாகத் தொடர்வது க்ரானிக். காலத்தைக் குறிக்கும் ‘க்ரோனோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது இது. க்ரானிக் என்று எழுதியிருப்பதாலேயே நோய் முற்றிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

எலெக்டிவ் சர்ஜரி

எலெக்ஷன் ஞாபகம் வந்து, ‘இஷ்டமிருந்தால் செய்துகொள்ளலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம்’ என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. அவசரமாக இந்த நிமிடமே செய்ய வேண்டியதில்லை, நாள் குறித்துத் திட்டமிட்டுச் செய்யலாம் என்பதே இதன் பொருள். நாள் குறிக்கலாம் என்பதற்காக, தேவையே இல்லை என்று ஆகிவிடாது.

பினைன், மலிக்னன்ட்

‘ட்யூமர்’ என்ற சொல்லைக் கேட்டதுமே பாதி உயிர் போய்விடுகிறது. ட்யூமர் என்றால் கட்டி, அவ்வளவுதான். பினைன் என்றால் புற்றுநோய் அல்லாத கட்டி. மலிக்னன்ட் என்றால் புற்றுநோய்க் கட்டி. இரண்டும் லத்தீன் வழி வந்தவை. முன்னதன் வேரில் ‘நன்மை’ இருக்கிறது, பின்னதன் வேரில் ‘தீமை’ இருக்கிறது. இந்த ஒரு சொல்லைச் சரியாகப் படித்தால் பல இரவுகளின் தூக்கம் மிச்சமாகும்.

ரிப்போர்ட் படிக்கும்போது...

‘அன்ரிமார்க்கபிள்’ என்றால் வெளியில் ‘சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை’ என்று கொஞ்சம் மட்டமான பொருள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் அதுதான் நல்ல செய்தி: குறிப்பிடும்படியான கோளாறு தென்படவில்லை. ‘இம்ப்ரெஷன்’ என்று கடைசியில் இருப்பது, ஸ்கேனைப் பார்த்த டாக்டர் வந்து சேர்ந்த முடிவு. ரிப்போர்ட்டின் சாரமே அந்த இரண்டு வரிதான்.

கேஸ் ஷீட்டில் ‘கம்ப்ளெயின்ட்’ என்று இருந்தால் நீங்கள் யார் மீதோ புகார் சொன்னதாக அர்த்தமல்ல. நீங்கள் சொன்ன உபாதை அது. ‘பேஷன்ட் டினைஸ் ஸ்மோக்கிங்’ என்றால் ‘மறுக்கிறார், நம்பாதே’ என்ற தொனி இல்லை. கேட்டதற்குப் பழக்கம் இல்லை என்று சொன்னார், அவ்வளவே. காதில் ‘டிஸ்சார்ஜ்’ என்று எழுதியிருந்தால் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். காதில் சீழோ நீரோ வடிகிறது!

மருந்துச் சீட்டில் எஸ்ஓஎஸ்

கடலில் மூழ்கும் கப்பல் உதவி கேட்டு அனுப்பும் சங்கேதம் எஸ்ஓஎஸ். 1906-ல் பெர்லினில் நடந்த சர்வதேச மாநாட்டில் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. மருந்துச் சீட்டில் இருக்கும் எஸ்ஓஎஸ் அதுவல்ல. ‘தேவைப்பட்டால்’ என்று பொருள்படும் லத்தீன் தொடரின் முதலெழுத்துகள். வலி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்பதே டாக்டரின் கட்டளை. அதைத் தினசரி மாத்திரையாக்கிவிடக் கூடாது. ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதேபோல் ஓடி என்றால் தினம் ஒரு வேளை, பிடி என்றால் இரண்டு வேளை, டிடிஎஸ் என்றால் மூன்று வேளை, ஹெச்எஸ் என்றால் படுக்கப் போகும்போது, ஸ்டாட் என்றால் உடனே. 1-0-1 என்று எழுதியிருந்தால் காலையும் இரவும் என்பது நம் வீட்டுப் பாட்டிக்கே அத்துப்படி!

நாம் சொல்வதும் முக்கியம்

‘எனக்கு பிபி இருக்கு’ என்கிறோம். உயிரோடு இருக்கும் எல்லோருக்கும் பிபி இருக்கிறது! ஹை பிபியா, லோ பிபியா என்று சொன்னால்தான் டாக்டருக்கு விளங்கும். மகள் பிரசவத்துக்காக வெளிநாடு போகும் பெற்றோர் அங்கே ‘ஐ ஹேவ் சுகர்’ என்றால் எதிரில் இருப்பவர் விழிப்பார். ‘டயாபெட்டிஸ்’ என்று சொல்லிப் பழகுங்கள்.

‘பாஸ்டு அவுட்’ என்றால் நம் ஊரில் படிப்பை முடித்தவர். அங்கே மயங்கி விழுந்தவர். ‘பாஸ்டு அவே’ என்றால் காலமானவர். ஒரு சின்ன சொல் மாறினால் மயக்கம் மரணமாகிவிடும். போனில் செய்தி சொல்லும்போது கவனம்.

‘ஹார்ட்பர்ன்’ என்பதில் ஹார்ட் இருந்தாலும் அது இதய நோய் அல்ல. இரைப்பை அமிலம் மேலேறுவதால் வரும் நெஞ்செரிச்சல். ஆனால் மாரடைப்பும் சிலருக்கு நெஞ்செரிச்சல் போலவே தோன்றும். வியர்வை, மூச்சுத்திணறல், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி சேர்ந்து வந்தால், பெயர் என்ன என்று ஆராயாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

சில சொற்றொடர்கள்

‘அண்டர் தி வெதர்’: உடம்பு கொஞ்சம் சரியில்லை. வானிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

‘ஆன் தி மெண்ட்’: தேறி வருகிறார்.

‘டச் அண்ட் கோ’: பிழைப்பாரா மாட்டாரா என்ற இழுபறி நிலை. ‘தொட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம்’ என்று அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள்!

‘நாட் அவுட் ஆஃப் தி வுட்ஸ் யெட்’: முன்னேற்றம் இருக்கிறது, ஆனால் கண்டம் இன்னும் தாண்டவில்லை.

‘க்ளீன் பில் ஆஃப் ஹெல்த்’: பரிசோதித்ததில் ஒரு குறையும் இல்லை. இதில் வரும் பில்லுக்குப் பணம் கட்ட வேண்டாம்! புறப்படும் துறைமுகத்தில் தொற்றுநோய் இல்லை என்று அந்தக் காலத்தில் கப்பல்களுக்குக் கொடுத்த சான்றிதழ் அது.

இத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று மலைக்க வேண்டாம். ஒரே ஒரு பழக்கம் போதும். டாக்டர் சொல்லி முடித்ததும், ‘டாக்டர், எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், சரியா பாருங்க’ என்று உங்கள் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள். வெளிநாடுகளில் இதை ‘டீச் பேக்’ என்று டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் பயிற்சியாகவே சொல்லித் தருகிறார்கள். அரை நிமிட வேலைதான். தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள். புரியாத சொல்லுக்குப் பொருள் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. உடம்பு நம்முடையது, கேட்கும் உரிமையும் நம்முடையதுதான்.