ஐந்தடிப் பாதையில் யாருக்கு இடம்?

சனிக்கிழமை மாலை. தேக்காவில், பஃப்ளோ ரோட்டில் நடந்து செல்கிறீர்கள். ஒரு பக்கம் காய்கறிப் பெட்டிகள், மறுபக்கம் மல்லிகைச் சரங்கள். நடுவில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடிகிறது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வரும் ஒரு தாய், வழியில்லையே என்று முணுமுணுக்கிறார். நான்கு எட்டு வைத்ததும் அவரே நின்று, முருங்கைக்காய் விலை கேட்கிறார்.

நடக்க வழியும் வேண்டும். வாங்கக் கடையும் வேண்டும். சிங்கப்பூரில் இந்த இழுபறிக்கு வயது 200ஐத் தாண்டிவிட்டது.

கலவரத்தில் முடிந்த விதி

1822ல் ராஃபிள்ஸ் நகர அமைப்புக்கு வகுத்த விதிகளில், வீடுகளின் முன்பு கூரையுடன் கூடிய தொடர்ச்சியான நடைபாதை விடவேண்டும் என்பதும் ஒன்று. வெயிலிலும் மழையிலும் மக்கள் நடப்பதற்காக உருவானதுதான் ஐந்தடிப் பாதை. ஆனால், கடை வாடகை கொடுக்க வழியில்லாதவர்களுக்கு அதுவே பிழைப்பிடமும் ஆனது. முடி திருத்துபவர், செருப்புத் தைப்பவர், கடிதம் எழுதித் தருபவர், பலகாரம் விற்பவர் என்று பலரும் அங்கே இடம் பிடித்தார்கள். கடைக்காரர்களும் தங்கள் சரக்கை வெளியே பரப்பினார்கள்.

1888 பிப்ரவரியில் நகராட்சி இந்தப் பாதைகளைக் காலிசெய்யப் புறப்பட்டது. கடைகள் கதவடைத்தன. தெருக்களில் கல்வீச்சு நடந்தது. டிராம் வண்டிகளும் தப்பவில்லை. ‘வராந்தா கலவரம்’ என்று வரலாற்றில் பதிவான அந்தச் சம்பவம் சமரசத்தில் முடிந்தது. மக்கள் நடந்து செல்ல வழி விட்டால், பொருள்களை வைக்கலாம் என்றானது. பஃப்ளோ ரோட்டில் அந்தத் தாய்க்கு இன்று தேவைப்படுவதும் அதே சமரசம்தான்.

ஒரு வாளித் தண்ணீர்

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வேலை கிடைக்காத பலருக்குத் தெருவோர வியாபாரமே கைகொடுத்தது. பெரிய முதல் தேவையில்லை; ஓர் அடுப்பு, ஒரு தள்ளுவண்டி, தெரிந்த ஒரு சமையல் போதும். வேலைக்குப் போகிறவர்களுக்கும் மலிவு விலையில் சாப்பாடு கிடைத்தது.

ஆனால், தெருவில் குழாய் இல்லை. காலையில் கொண்டுவந்த ஒரு வாளித் தண்ணீரிலேயே நாள் முழுக்கத் தட்டுகளைக் கழுவினார்கள். எச்சில் நீரும் எண்ணெய்யும் சாக்கடையில் விழுந்து, ஆற்றில் கலந்தன. நோய் பரவும் அச்சம் வீண் பயமல்ல. 1950ல் இதை ஆராய ஒரு விசாரணைக் குழுவே அமைக்கப்பட்டது.

உரிமமில்லாதவர்களுக்கு ஒவ்வொரு நாளும் ஓட்டம்தான். அதிகாரிகள் வருவதைப் பார்த்த முதல் ஆள் ஹொக்கியன் மொழியில் ‘தே கூ’ என்று குரல் கொடுப்பார். ‘நிலமாடு’ என்பது அதன் பொருள். அடுத்த நிமிடம் வண்டிகள் சந்துக்குள் மறையும். பிடிபட்டால் பொருளும் போகும், அன்றைய வருமானமும் போகும்.

முதலில் கணக்கெடுப்பு

சிக்கலைத் தீர்த்தது விரட்டல் மட்டுமல்ல. 1968, 1969ஆம் ஆண்டுகளில் தீவு முழுவதும் தெருவோர வியாபாரிகள் பதிவு செய்யப்பட்டார்கள். ஏறக்குறைய 18,000 பேர் பதிவானார்கள். யார், எங்கே, என்ன விற்கிறார்கள் என்பது தெரிந்த பிறகே இடமாற்றம் தொடங்கியது. 1971 முதல், குழாய்த் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் வசதியுடன் உணவங்காடி நிலையங்கள் எழுந்தன. 1986 பிப்ரவரியில் அந்த இடமாற்றம் நிறைவடைந்தது.

தேக்காவும் அப்படித்தான் மாறியது. பழைய கண்டாங் கர்பாவ் சந்தைக்குப் பதிலாக 1982ல் புதிய கட்டடம் வந்தது. அதற்குச் சீனத்தில் ‘சூஜியாவ்’ என்று பெயர் வைத்தார்கள். மக்களோ ‘தேக்கா’ என்பதை விடவில்லை. 2000ல் கட்டடமே தேக்கா நிலையம் ஆனது.

நடந்து விற்றவர்கள்

மழையில் நனையாத கூரை, ஓட வேண்டாத நிம்மதி, ஒரு முகவரி. இடம் மாறியவர்களுக்கு இவை கிடைத்தன. ஆனால், எல்லா வியாபாரமும் ஒரு கடைக்குள் அடங்கிவிடாது.

நம்மவர்கள் கையில் இருந்த கச்சாங் பூத்தே வியாபாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேர்க்கடலை, கொண்டைக்கடலை, முறுக்குத் துண்டு எல்லாவற்றையும் தட்டில் அடுக்கித் தலையில் சுமந்து, திரையரங்கு வாசலில் நின்று, காகிதக் கூம்பில் சுற்றிக் கொடுத்தார்கள். கூட்டம் இருக்கும் இடத்துக்குத் தேடிப்போவதுதான் அந்தத் தொழிலின் உயிர். விதிக்குக் கடை எண் தெரியும். நடக்கும் மனிதரை அது எங்கே வைக்கும்? பழைய திரையரங்குகளும் மூடப்பட, அந்தக் கூம்பு நம் பிள்ளைகளுக்குப் படத்தில் பார்க்கும் பொருளாகிவிட்டது.

இன்றைய நிலை

இன்று உரிமமின்றித் தெருவில் விற்றால், முதல் முறை குற்றத்துக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கதவு முழுவதுமாக மூடப்படவில்லை. வசதி குறைந்த சிலருக்கு, குறிப்பிட்ட இடத்தில் விற்கத் தேசியச் சுற்றுப்புற அமைப்பு தெரு வியாபார உரிமம் வழங்குகிறது. தீபாவளி நேரத்தில் கேம்பல் லேனில் கூடாரங்கள் எழுவதும் தற்காலிக அனுமதியால்தான். அதாவது தெருவில் விற்பதே குற்றம் என்று நகரம் சொல்லவில்லை. எங்கே, எப்போது, யார் என்று கேட்கிறது.

அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் ஒருவரின் பிழைப்பு இருக்கிறது. ஒரு காலத்தில் விரட்டப்பட்டவர்களின் சமையல், 2020 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. விரட்டியதோடு நிறுத்தியிருந்தால், பட்டியலில் சேர்க்க எதுவும் மிஞ்சியிருக்காது. எண்ணிப் பார்த்து, பதிந்து, மாற்று இடம் கொடுத்ததால்தான் அது பிழைத்தது. இன்று அங்காடிக்காரர்களின் சராசரி வயது 60ஐ ஒட்டி இருக்கிறது. அடுத்து வருபவர்களுக்கு இடமும், கட்டுப்படியாகும் வாடகையும் கிடைக்குமா என்பதே இனி விதிகளுக்கான சோதனை.

வாங்குகிற நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பேரம் பேசும்போது ஓரமாக ஒதுங்கி நிற்கலாம். பின்னால் ஒரு தள்ளுவண்டி காத்திருக்கும்.