ஒரே ஒரு படமும் ஒரு கத்தரிக்கோலும்

"வெட்டாத பிள்ளை. வெட்டினாப் பிறகு ஒட்டேலாது."

பெரியம்மா இதைச் சொன்னபோது என் கையில் இருந்தது வெறும் பிரதி. பழுதானால் கடைக்குப் போய் இன்னொன்று எடுக்கலாம். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கத்தரிக்கோலை என் கையிலிருந்து வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. இடப்பெயர்வு முழுக்க ஒரு சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் செருகிக் கொண்டுவந்த அண்ணாவின் படம் ஒன்று அவரிடம் இருந்தது. அடையாள அட்டைக்காக எடுத்த சின்னப் படம். மீள்குடியேறிய கையோடு, 2010இல், "பாதுகாப்பாய் இருக்கட்டும்" என்று ஒரு கடையில் லமினேட் பண்ணக் கொடுத்தார். படத்தில் ஈரம் முழுதாகக் காயவில்லை. சூடான பிளாஸ்டிக்குக்குள் படத்தோடு ஈரமும் அடைபட்டது. இரண்டு மாரி போவதற்குள் உள்ளே கறுப்புப் புள்ளிகள் வரத் தொடங்கின. இப்போது நெற்றியும் ஒரு கண்ணும் மட்டுமே தெளிவாகத் தெரிகின்றன. அன்றிலிருந்து தன் றங்குப்பெட்டியில் யாரும் கைவைக்கப் பெரியம்மா விட்டதில்லை.

படங்களையும் கடிதங்களையும் துண்டு துணுக்குகளையும் ஒரு கொப்பியில் ஒட்டி, பக்கத்தில் எழுதி, அலங்கரித்து வைப்பதை ஸ்கிராப்புக் என்கிறார்கள். நினைவுக் கொப்பி என்று சொல்லலாம். வெளிநாட்டுக் காணொளிகளில் இதைச் செய்பவர்கள் பேசும் தயக்கம் ஒரு வகை: விலைகூடிய தாளை வீணாக்கிவிடுவேனோ, புதிய முறை எனக்குச் சரிவருமோ என்பது. எங்கள் வீடுகளில் தயக்கத்துக்குக் காரணம் வேறு. கொப்பியில் ஒட்டப்போகும் பொருள் உலகத்தில் அந்த ஒன்றுதான். "துணிந்து செய்யுங்கோ" என்று உற்சாகமூட்டுவது இங்கே எடுபடாது. பிழை விட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது என்ற நிலையை முதலில் உண்டாக்க வேண்டும். கை தானாகவே துணியும்.

அதற்கு ஒரேயொரு விதிதான் இருக்கிறது. மூலம் கொப்பிக்குள் போகக் கூடாது. கொப்பிக்குள் போவது பிரதி மட்டும்.

பிரதி எடுப்பதற்குப் பெரிய வசதி தேவையில்லை. ஸ்கானர் உள்ள கடையென்றால் சிறிய படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கான் பண்ணித் தரச் சொல்லுங்கள்; பெருப்பித்தாலும் முகம் உடையாது. கைபேசியால் எடுப்பதென்றால் யன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில், படத்தைத் தட்டையாக வைத்து நேர் மேலேயிருந்து பிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். எடுத்ததை உங்கள் கைபேசியில் மட்டும் வைத்திருக்காமல் வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். அச்செடுக்கும்போது லேசர் அச்சு அல்லது ஸ்டூடியோப் பிரதி நல்லது. வீட்டுப் பிரிண்டர்கள் பலவற்றின் மை, பசையின் ஈரம் பட்டாலே கரைந்து ஓடிவிடும்.

பழைய ஒட்டும் அல்பங்களில் இருக்கும் படங்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோடு கோடாகப் பசை பூசிய மட்டையும் அதன்மேல் மூடும் பிளாஸ்டிக் தாளும் கொண்ட அந்த அல்பங்கள் எண்பதுகளில் எங்கள் கலியாண வீடுகளில் பெருமைக்குரியவையாக இருந்தன. அந்தப் பசை காலப்போக்கில் இறுகி, மஞ்சளாகி, படத்தைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் கிழியும். பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்குப் பின்னால் விட்டு, வாள் அறுப்பதுபோல மெதுவாக இழுத்துப் பார்க்கலாம். வராவிட்டால் விட்டுவிடுங்கள். இருந்த இடத்திலேயே படமெடுத்துக்கொண்டால் போதும். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்துக்கும் இதுவே வழி.

மூலத்தை என்ன செய்வது? ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடித உறையில் போட்டு, உறையின் வெளியே யார், எங்கே, எப்போது என்று படத்தை உள்ளே வைக்கும் முன்னரே பென்சிலால் எழுதுங்கள். படத்தின் பின்பக்கம் பேனையால் எழுதினால் அழுத்தம் முன்பக்கத்தில் தழும்பாகத் தெரியும். மையும் அடுத்த படத்தில் ஒட்டும். பெட்டியைச் சீமெந்து நிலத்தில் வைக்காமல் பலகைமேல், வெளிச்சுவரைத் தொடாமல் வையுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களை எறியாமல் உள்ளே போடலாம். ஆனால் அவையும் ஒருகட்டத்தில் நிரம்பிவிடும்; மாரிக்கு மாரி மாற்ற வேண்டும். பத்திரிகைத் தாளில் படத்தைச் சுற்ற வேண்டாம். அந்தத் தாளில் மரக்கூழின் லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கிறது. தாளை மஞ்சளாக்கி நொறுங்க வைப்பது அதுதான். அதனோடு வரும் அமிலம் படத்துக்கும் கடத்தப்படும்.

பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், ஆணைக்குழு அனுப்பிய கடிதம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றுக்கும் இந்த விதி இரட்டிப்பாகப் பொருந்தும். அவை நினைவுப்பொருட்கள் மட்டுமல்ல, சான்றுகளும். துளை போடக் கூடாது, ஓரம் வெட்டக் கூடாது, லமினேட் பண்ணவே கூடாது. லமினேட் செய்தால் அதைக் கழற்ற வழியில்லை. செலோரேப்பும் வேண்டாம், அதன் பசை சில வருடங்களில் எழுத்துக்குள்ளேயே ஊறிவிடும்.

இவ்வளவும் முடிந்தால், மேசையில் இருப்பது பிழைக்கக்கூடிய தாள்கள் மட்டுமே. இனித்தான் கைவேலை.

"எனக்கு உந்தக் கைவேலையள் தெரியாது" என்ற பேச்சை நான் நம்புவதில்லை. கொக்குப் பட்டத்துக்கு மூங்கில் சீவி, ரிசுத்தாளை இழுத்து, கோதுமைமாப் பசையால் சுருக்கமில்லாமல் ஒட்டிய ஊர்க்காரர்கள் நாங்கள். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலுக்கு ஏறும் பட்டங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உலகின் பெரிய ஆவணக் காப்பகங்களில் கிழிந்த தாளைச் செப்பனிடுபவர்களும் கோதுமையிலிருந்து எடுத்த மாப்பொருளைத்தான் பசையாகக் காய்ச்சுகிறார்கள். தண்ணீர் காட்டினால் அது திரும்ப விட்டுக்கொடுக்கும் என்பதே காரணம். அவர்கள் ஒட்டும்தன்மையுள்ள புரதத்தை நீக்கிவிடுகிறார்கள். எங்கள் அடுப்பங்கரைப் பசையில் அது இருக்கிறது, அதனால் கரப்பானும் வரும். பிரதிகளை ஒட்ட அது தாராளம். பட்டப் பசைக்குச் சிலர் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. படம் ஒட்டும் பசைக்கு அது வேண்டாம்.

முதலில் பழக நல்லது படமூலை. இரண்டு சென்ரிமீற்றர் உயரமும் நான்கு சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட ஒரு துண்டுத் தாளை எடுங்கள். கடதாசிக் கப்பல் செய்யும்போது மேலிரண்டு மூலைகளையும் நடுவுக்கு மடிப்போமே, அதே மடிப்பு. ஒரு முக்கோணம் வரும். மடிப்புகள் சந்திக்கும் பக்கத்தில் பசை தடவிக் கொப்பியில் ஒட்டினால், வழவழப்பான பக்கம் மேலே நிற்கும். அதற்குள் படத்தின் மூலையைச் செருகலாம். நான்கு மூலைக்கும் நான்கு. படத்தில் ஒரு சொட்டுப் பசையும் படாது. நாளைக்கு மனம் மாறினால் உருவி எடுக்கலாம். தயங்குபவர்களுக்கு இதைவிட ஏற்ற முறையை நான் இன்னும் காணவில்லை.

அடுத்தது யன்னல். முகம் இருக்கும் தாளை வெட்டப் பலருக்கு மனம் வருவதில்லை, பிரதியானாலும். பெரியம்மா அதைப் "பிள்ளையில வெட்டுறமாதிரி" என்றார். அப்படியானால் படத்தை வெட்டவே வேண்டாம். பிறிஸ்டல் மட்டையில் ஒரு சதுரத்தை வெட்டியெடுத்து, அந்தச் சட்டத்தைப் படத்தின்மேல் வைத்து ஒட்டலாம். கோணலாக வெட்டுப்பட்டால் கோணலாவது மட்டைதான்.

மூன்றாவது உறை. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் தயக்கத்தில் பாதி, பழுதாக்கிவிடுவோமோ என்பதல்ல. யாராவது பார்த்துவிடுவார்களோ என்பது. 2009இல் சீருடையில் நின்ற பிள்ளைகளின் படங்களை எரித்தவர்கள், புதைத்தவர்கள், கிணற்றில் போட்டவர்கள் எத்தனை பேர். அந்தப் பயத்தை "இப்ப ஒண்டும் இல்லை" என்று வெளியிலிருந்து யாரும் தள்ளிவிட முடியாது. எதை வெளியே வைப்பது, எதை மறைப்பது, எதை ஒட்டாமலே விடுவது என்பது அந்தந்த வீட்டின் முடிவு. நினைவுக் கொப்பியில் எல்லாம் எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஒரு தாளை மடித்து மூன்று ஓரமும் ஒட்டினால் பக்கத்தில் ஒரு பை கிடைக்கும். மேலே ஒரு பூவோ ஒரு திகதியோ இருக்கும். உள்ளே கடிதம் இருக்கும். திறப்பவர் யார் என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம்.

இனி, படமே இல்லாதவர்கள். பயிற்சி சொல்லிக் கொடுப்பவர்கள் அநேகமாக மறப்பது இவர்களைத்தான். "ஒட்ட என்னட்ட என்ன இருக்கு?" என்று கேட்டு எழுந்து போய்விடுவார்கள். இங்கே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனன் செய்த வேலையை நினைவுபடுத்த விரும்புகிறேன். 2011இல் வெளிவந்த 'த இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற அவரது நூல், இடம்பெயர்ந்த மக்கள் தாங்கள் இழந்த வீடுகளின் நிலப்படத்தை ஞாபகத்திலிருந்து கீறித் தந்ததை அடிப்படையாகக் கொண்டது. தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. அதில் கீறியவர்களிடம் யாரும் ஓவியத் திறமை கேட்கவில்லை. கோடு வளைந்திருக்கலாம், அறை சிறுத்திருக்கலாம்; கிணறு எங்கே இருந்தது என்பது கீறியவருக்குத் தெரியும்.

இந்த முறையைத்தான் பெரியம்மாவிடம் கடைசியில் கொண்டுபோனேன். கத்தரிக்கோல் இல்லை, பசை இல்லை, ஒரு பென்சிலும் கொப்பித் தாளும் மட்டும். "எனக்குக் கீறத் தெரியாது" என்றார். "கீற வேண்டாம் பெரியம்மா, பழைய வீட்டில குசினி எந்தப் பக்கம் எண்டு மட்டும் காட்டுங்கோ" என்றேன். ஒரு பெட்டி போட்டார். பிறகு விறாந்தை. பிறகு கிணறு, அதிலிருந்து தோடைமரத்துக்குப் போகும் வாய்க்கால். மாட்டுக்கொட்டிலுக்குத் தாளில் இடம் போதவில்லை. இன்னொரு தாளைப் பக்கத்தில் ஒட்டினோம். அண்ணா படிக்கும் மேசை இருந்த மூலையில் பென்சில் சற்று நின்றது. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டார்.

மூன்றாம் நாள் பின்னேரம் நான் போனபோது தலையணைக்குக் கீழிருந்து கத்தரிக்கோல் வெளியே வந்திருந்தது. பிறிஸ்டல் மட்டையில் பெரியம்மா தானே ஒரு யன்னல் வெட்டி, அந்த வெறும் மூலையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் நன்றாகக் கோணியிருந்தது.

"இது சரிவரேல்ல," என்றார். "மற்ற மட்டையை எடு."