பழைய இஞ்சினும் புதிய கொள்ளளவும்

பழைய மோட்டார் வண்டிகளைப் போற்றிப் பாதுகாப்போருக்கு ஓர் ஆசை அடிக்கடி தலைதூக்குவதுண்டு. வண்டியின் தோற்றம் மாறலாகாது. இஞ்சின் மட்டும் இன்னும் சற்றுப் பலமாக இழுக்க வேண்டும் என்பதே அவ்வாசை. அதற்குள்ள வழிகளில் ஒன்று, இஞ்சினின் கொள்ளளவைப் பெருக்குவது. அமெரிக்காவில் இவ்வேலைக்குப் பேர்பெற்றது, ஷெவர்லே கம்பெனியாரின் 'ஸ்மால் பிளாக்' என்னும் எட்டு ஸிலிண்டர் இஞ்சின். அதைக் கொண்டே இவ்விஷயத்தை ஆராய்வோம்.

1955-இல் வெளிவந்தபோது அதன் கொள்ளளவு 265 கன அங்குலம். கம்பெனியாரே அதைப் படிப்படியாக வளர்த்தனர்: 1957-இல் 283, 1962-இல் 327, 1967-இல் 350, 1970-இல் 400. இவற்றுள் 350-ஐ 383 ஆக்குவதுதான், அன்றாடம் வீதியில் ஓட்டுவோர் பெரிதும் விரும்பும் மாற்றம்.

அஃது எவ்வாறு நிகழ்கிறது? கிணற்றில் கூடுதலாக நீர் தேங்க வேண்டுமானால் அதை அகலப்படுத்தலாம்; அல்லது ஆழப்படுத்தலாம். இஞ்சினுக்கும் இவ்விரண்டே வழிகள். 350 இஞ்சினில் ஸிலிண்டரின் விட்டம் 4 அங்குலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 3.48 அங்குலம். விட்டத்தை 4.030 அங்குலமாகக் கடைந்தால், எட்டு ஸிலிண்டருக்கும் சேர்த்துக் கிடைக்கும் லாபம் சுமார் 5 கன அங்குலமே. பிறகு, 400 இஞ்சினில் உள்ளதுபோல் பிஸ்டனின் ஓட்டத்தை 3.75 அங்குலமாக நீட்டினாலோ, மேலும் ஏறக்குறைய 28 கன அங்குலம் சேர்கிறது. மொத்தம் 383. அகலத்தைவிட ஆழமே இங்கு அதிகம் அளிக்கிறது.

ஓட்டத்தை நிர்ணயிப்பது கிராங்க் தண்டு. 400 இஞ்சினின் தண்டு அப்படியே 350-இல் அமராது. அதன் முக்கிய பேரிங்குகள் தாங்கும் பகுதியின் விட்டம் 2.65 அங்குலம், 350-இல் 2.45. ஆதலால் முன்னாளில் அதைக் கடைந்து குறைத்தே பொருத்தினார்கள். இன்று 350-க்கு ஏற்ற அளவிலேயே தண்டுகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. அப்போதும், கனெக்டிங் ராடின் போல்ட்டுகள் பிளாக்கின் அடிவிளிம்பிலோ காம் தண்டிலோ உரசாதபடி இடைவெளியைச் சோதிக்க வேண்டும். பிஸ்டன் ஸிலிண்டரின் மேல்தளத்தைத் தாண்டாதிருக்க, அதன் பின் பொருந்தும் துளை சற்று மேலே அமைந்திருக்க வேண்டும். சுழலும் பாகங்களைப் புதிதாக எடைச்சமன் செய்வதும் அவசியம்.

பந்தயக்காரன் விரும்புவது உச்ச வேகம். வீதியில் செல்பவனுக்கு வேண்டியதோ, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும் மேட்டில் ஏறும்போதும் தயக்கமின்றி இழுக்கும் வலிமை. பெருகிய கொள்ளளவு அவ்வலிமையைக் குறைந்த சுழற்சியிலேயே தருகிறது. ஆனால் அதற்கும் விலை உண்டு. நிமிஷத்துக்கு 5,000 சுற்று ஓடுகையில், பிஸ்டனின் சராசரி வேகம் நிமிஷத்துக்கு 2,900 அடியிலிருந்து 3,125 அடியாக உயர்கிறது. உராய்வும் தேய்மானமும் உடன் வளர்கின்றன. அதிகக் காற்றையும் பெட்ரோலையும் பழைய அறைக்குள்ளேயே நெருக்குவதால் அழுத்த விகிதமும் ஏறுகிறது. சாதாரணப் பெட்ரோலில் இஞ்சின் 'நாக்' செய்யாதிருக்கப் பிஸ்டனின் தலையில் குழி அமைத்து அதைக் கட்டுப்படுத்துகிறார்கள். ரேடியேட்டர், கியர்ப் பெட்டி, பிரேக் ஆகியவையும் புதிய சக்திக்கு ஈடுகொடுக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. தண்டையும் பிஸ்டனையும் மாற்றினால் பழையவற்றைத் திரும்பவும் பூட்டிக்கொள்ளலாம். ஆனால் ஸிலிண்டரிலிருந்து கடைந்தெடுத்த இரும்பு மீண்டு வராது. சுவர் மெலிந்தால் விரிசலும் கொதிப்பும் பின்தொடரும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அவ்விதி இங்கு இரட்டிப்பாகப் பொருந்தும். கேளா ஒலிக் கருவியால் சுவரின் கனத்தை அளந்த பின்னரே கடைசலுக்கு இசைய வேண்டும். வண்டியோடு பிறந்த பிளாக்காக இருந்தால், அதில் பொறித்த எண்ணுக்கே ரஸிகர்கள் தனி மதிப்பு வைக்கிறார்கள். அதை எண்ணெய் பூசிப் பத்திரமாக வைத்துவிட்டு, வேறொரு 350 பிளாக்கைத் தேடி அதிலே இம்மாற்றத்தைச் செய்வது உத்தமம். லட்சக்கணக்கில் உற்பத்தியான இஞ்சின் அது; ஆனால் அந்த வண்டிக்கு உரிய பிளாக்கு ஒன்றே ஒன்றுதான்.